கோமாரியின் பங்காளி

திருமழிசைத் தொழிற்பேட்டையில் எங்கள் ஆய்வகத்துக்கு நல்ல பெயர் இருந்ததே இல்லை. பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்கு அது சாணி வேகவைக்கிற கம்பெனிதான். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வந்து, பஸ் மாறி இறங்கி, ஷேர் ஆட்டோக்காரரிடம் வழி சொல்லும்போது நானும் அப்படியே சொல்லிவிடுவேன். கிருமிநாசினிப் பரிசோதனைக் கூடம் என்றால் அவர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். எனக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது.

பொய் எதற்கு, நாங்கள் நிஜமாகவே சாணியை வேகவைத்தோம். மாட்டுக் கொட்டகை கழுவுகிற மருந்துகளைத் தயாரிக்கும் கம்பெனிகள் தங்கள் சரக்கை எங்களிடம் அனுப்புவார்கள். அது வைரஸைக் கொல்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. சுத்தத் தண்ணீரில் எந்த மருந்தும் வீரம் காட்டும். சாணியும் மூத்திரமும் கலந்து கிடக்கிற தரையில் காட்டுமா என்பதல்லவா கேள்வி? அதனால் சாணி கலந்துதான் சோதிக்க வேண்டும் என்பது எங்கள் மேடத்தின் பிடிவாதம். அந்தச் சாணியில் வேறு கிருமி இருந்தால் சோதனை குழம்பிவிடும் என்று முதலில் அதை நீராவிக் கொப்பரையில் வைத்து வேகவைப்பேன். ஆவியைத் திறந்துவிடும்போது கிளம்புகிற நாற்றம் இருக்கிறதே, அப்பப்பா! மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் திறந்துவிட்டு, பக்கத்து நட்டு போல்ட் பட்டறையிலிருந்து நான் வாங்கிய வசவுகளை இங்கே எழுத முடியாது.

சாணி வந்தது, தொழிற்பேட்டைக்குப் பின்னால் பழைய ஊர்த் தெருவில் மாடு வைத்திருந்த ஓர் அண்ணனிடமிருந்து. காலங்காலமாக அங்கே பயிர் செய்த குடும்பம். நிலத்தில் பாதி கம்பெனிகளுக்குப் போய்விட்டது. மிச்சத்தில் தீவனப் புல், ஒரு கொட்டகை நிறைய கறவை மாடுகள். எங்கள் காப்பிக்குப் பாலும் அவரே, சோதனைக்குச் சாணியும் அவரே. முதல் தடவை பக்கெட்டை இறக்கி வைத்த அன்றே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா தங்கச்சி, சாணிய குக்கர்ல வச்சி விசில் வுட்டுகினு கீறீங்களாமே? எங்க ஊட்ல சொன்னா வுழுந்து வுழுந்து சிரிக்கிறா."

"சிரிக்கட்டும். நாளைக்கு உங்க மாட்டுக்குக் கோமாரி வந்தா அப்ப தெரியும்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவர் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. "அந்த வாயால நல்ல வார்த்த சொல்லு தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காலி பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பல வருஷத்துக்கு முன்னால் அவர் கொட்டகையில் கோமாரி வந்திருக்கிறது. வாயெல்லாம் கொப்புளமாகி, எச்சில் ஒழுகி, குளம்பு வெடித்து மாடுகள் நிற்க முடியாமல் கிடந்திருக்கின்றன. பெரிய மாடுகள் எப்படியோ தேறிவிட்டன. பால் குடித்துக்கொண்டிருந்த கன்று மட்டும் குடித்த இடத்திலேயே சுருண்டு விழுந்து செத்ததாம். கோமாரி கன்றுகளின் இதயத்தைத் தாக்கும். இதை மேடம் சொல்லித்தான் பிறகு தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகு என் நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பயன்?

மேடம் கால்நடை மருத்துவர். வைரஸ் ஆராய்ச்சியிலேயே தலை நரைத்தவர். ஐயப்பன்தாங்கலில் டிப்போவுக்குப் பின்னால் வீடு. மழையோ வெயிலோ, ஸ்கூட்டரில்தான் வருவார். ஃபேக்டரி ஃபிட்டரின் மகளாக ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்கு, குரலை உயர்த்தாமல் வேலை வாங்குகிற மனுஷி ஒருத்தியை அவரிடம்தான் முதலில் பார்த்தேன். நான் ரிசல்ட்டைச் சொல்ல வாயெடுத்தால் கையை நீட்டுவார். சோதனைத் தட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அவரே பார்ப்பார். "தட்டு என்ன சொல்லுதுன்னு முதல்ல கேப்போம்மா. நாம அப்புறம் பேசலாம்" என்பார். எனக்கு ஆத்திரமாக வரும். அவர் பார்த்து முடித்ததும், நான் கவனிக்காத ஏதோ ஒன்று அங்கே இருக்கும். எனக்கு இன்னும் ஆத்திரமாக வரும்.

நிஜக் கோமாரி வைரஸை எங்களைப் போன்ற இடத்தில் கையாள முடியாது. கையாளவும் கூடாது. அதற்கென்று கட்டிய கூடங்களில் வெளியே போகிற காற்றைக்கூட வடிகட்டித்தான் விடுவார்கள். உள்ளே போன ஆள் தலை முழுகாமல் வெளியே வர முடியாது. எங்களுக்கோ ஒரு பக்கம் நட்டு போல்ட், மறுபக்கம் பிஸ்கட் டப்பா அச்சடிக்கிற கம்பெனி, பின்பக்கம் அண்ணனின் மாடுகள். ஒரு துளி சிந்தினால் ஜில்லாவே நாசம். அதனால் மேடம் கோமாரியின் சொந்தக்கார வைரஸ் ஒன்றை வைத்திருந்தார். ஒரே குடும்பம், ஏறக்குறைய ஒரே அமைப்பு. ஆனால் பரம சாது. மாட்டின் குடலில் அது பாட்டுக்குக் குடியிருக்கும். கொப்புளம் கிடையாது, காய்ச்சல் கிடையாது, மாடு பாட்டுக்கு மேயும். அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. நான் வைத்த பெயர் பங்காளி. மேடமும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு ஆரம்பத்தில் இந்த ஏற்பாட்டில் நம்பிக்கையே இல்லை. பெண் பார்க்கப் போனவர்கள் அவள் சித்தி மகளைப் பார்த்துவிட்டு வந்து சம்பந்தம் பேசுவது மாதிரி இல்லையா இது? கேட்டேவிட்டேன். மேடம் சிரித்தார்.

"சித்தி மகள் கொஞ்சம் கெட்டிக்காரியா இருந்தா?" என்றார். "நம்ம பங்காளி ஆசிட் மாதிரி புளிப்புக்கு அசையாது. வெயிலுக்குச் சீக்கிரம் சாகாது. கோமாரிக்கு அந்தத் தெம்பு கிடையாது. பங்காளியையே விழ வைக்கிற மருந்து கோமாரியை விழ வைக்காமலா இருக்கும்? எப்பவாவது கோமாரி செத்த இடத்துல பங்காளி பிழைச்சுக்கும். அப்ப அது நம்மகிட்ட பொய் சொல்லுது. ஆனா மாட்டுக்குக் கெடுதல் இல்லாத பொய்ம்மா."

கோமாரியைக் கண்ணால் பார்க்காமலே அதன் கழுத்தை நெரிக்க வழி தேடுகிற இந்தச் சாமர்த்தியத்தை மனிதர்கள் எப்படித்தான் யோசித்தார்களோ! அன்றிலிருந்து பங்காளித் தட்டுகளைக் கொஞ்சம் மரியாதையோடு தூக்க ஆரம்பித்தேன்.

ஐப்பசி மழை விட்ட சமயம், மேடத்துக்குப் புதிதாக ஒரு சந்தேகம் வந்தது. வெந்த சாணி, சாணியே இல்லையாம். வெந்தால் நீர்த்துப்போய்விடுகிறது, கொட்டகைத் தரையில் கிடப்பது அப்படியா இருக்கிறது என்றார். இனிமேல் பச்சைச் சாணிதான். பட்டறைக்காரர்களுக்கு மட்டும் சந்தோஷம்.

சோதனை இப்படி நடக்கும். பிளாஸ்டிக் தட்டின் குழிகளில் மாட்டுச் செல்களை வளர்ப்போம். சாணியோடு பங்காளியைக் கலந்து, மருந்தை ஊற்றி, கொஞ்ச நேரம் கழித்து அதில் ஒரு சொட்டு செல்களின் மேல் விடுவோம். பங்காளி பிழைத்திருந்தால் செல்கள் செத்துவிடும். கூடவே ஒரு வரிசையில் பங்காளியைச் சேர்க்காத வெறும் சாணியை விடுவோம். அங்கே செல்கள் ஜம்மென்று இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால்தான் மற்ற வரிசைகளை நம்பலாம். பச்சைச் சாணியில் செய்தபோது அந்த வெறும் வரிசை முழுக்கச் செத்துக் கிடந்தது. திரும்பச் செய்தேன். திரும்பவும் செத்தது. கையுறை மாற்றினேன், மேஜையைத் துடைத்தேன், சாணியை நன்றாக வடிகட்டினேன், துடைக்க வந்த அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். மறுபடியும் அதே கதி. ஒரு மாத வேலை பாழ். தட்டை எடுத்துப் போய் மேடம் மேஜையில் டொக்கென்று வைத்தேன்.

"நான் ரிசைன் பண்றேன் மேடம்."

"உட்காரு" என்று சொல்லிவிட்டுத் தட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். செத்த செல்களில் இருப்பது என்னவென்று பி.சி.ஆர். போட்டுப் பார்க்கச் சொன்னார். கொரோனா வந்த புண்ணியத்தில் பி.சி.ஆர். என்றால் எல்லோருக்கும் தெரியும், விளக்க வேண்டியதில்லை. ரிசல்ட் வந்தது. பங்காளிதான். நாங்கள் சேர்க்கவே இல்லை, அவன் ஏற்கெனவே அண்ணனின் மாட்டுச் சாணியில் இருந்திருக்கிறான்.

பங்காளி மாட்டின் குடலில் குடியிருப்பவன் என்று தினம் பாடம் படிக்கிறோம். அதே மாட்டின் சாணியைப் பச்சையாகக் கொண்டுவந்து அதில் பங்காளி இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். பங்காளியோடு பழகிப் பழகி அவன் எங்கள் ஃப்ரீசரில் பிறந்தவன் என்றே நினைத்துவிட்டோம்! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மேடம் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்.

"அப்ப நாம வைரஸைக் கலக்கவே தேவையில்லம்மா. அவர் கொட்டகையிலேயே ஒத்திகை நடந்துகிட்டு இருக்கு. பங்காளி எங்கெல்லாம் போறான்னு பார்த்தா, நாளைக்குக் கோமாரி எந்த வழியா போகும்னு தெரிஞ்சிடும்."

என்னுடைய பாழாய்ப்போன வேலையிலிருந்து இதை எடுத்தார் அந்த மனுஷி. சாமி சத்தியமாக, எனக்கு அந்த நிமிஷம் அவர் காலில் விழலாம் போல இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் கேக் வேலை நடந்துகொண்டிருந்த வாரம், திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களில் கோமாரி என்று பேச்சு வந்தது. பேச்சு வந்த மறுநாள் காலையில் அண்ணன் ஆய்வகத்து வாசலில் நின்றார். கையில் பால் கேன் இல்லை, சாணி பக்கெட் இல்லை. கிண்டலும் இல்லை.

அவரிடம் ஒரு கிடாரி இருந்தது. கையில் எடுத்து வளர்த்த கன்று. சின்னவ என்றுதான் சொல்வார். தலைச்சன் சினை, நிறை மாசம். மற்ற மாடுகளுக்கெல்லாம் ஊசி போட்டாயிற்று. அரசு முகாம் நடந்த அன்று, வயிற்றுக்காரிக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறது என்று இவர் சின்னவளைப் புல் கொட்டாய்க்குப் பின்னால் மறைத்துக் கட்டிவிட்டார்.

"போட்டிருக்கணும் டாக்டரம்மா. பயந்துகினேன்" என்றார். "இப்ப கோமாரி வந்தா அவளும் பூடுவா, வயித்துல கீறதும் பூடும். போன தபா அந்தக் கன்னுக்குட்டி என் காலாண்டதான் வுழுந்துச்சி. இன்னொரு தபா அத்த பாக்க என்னால முடியாது. உங்க மருந்து எதுனா கொடுங்க. அது நிக்குமா?"

வேறு யாராக இருந்தாலும் "நிக்கும், கவலைப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். நானே சொல்லியிருப்பேன். மேடம், "தெரியலைங்க. பார்த்துச் சொல்றேன்" என்றார். "காத்துல வந்தா நம்மால ஒண்ணும் பண்ண முடியாது. கையில, கால்ல வர்றதை நிறுத்தலாம்."

வீட்டுக்கு இந்தப் பக்கம் பெரிய கொட்டகை, அந்தப் பக்கம் புல் கொட்டாய். சின்னவளைப் புல் கொட்டாயில் தனியாக வைக்கச் சொன்னார். வாசலில் மருந்துத் தண்ணீர்த் தட்டு, அதில் காலை முக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தனி பக்கெட், தனிக் கயிறு. சின்னவள் சாணியைச் சோதித்ததில் பங்காளி இல்லை. பெரிய கொட்டகைச் சாணியிலோ நிறைய இருந்தான். ஆக, பங்காளி சின்னவள் பக்கம் தலை காட்டினால் யாரோ ஏற்றிக்கொண்டு வருகிறார்கள் என்று அர்த்தம். இதைவிடச் சுலபமாக ஒரு காவல்காரனை யார் வைக்க முடியும்!

நாங்கள் இருவரும் அண்ணன் வீட்டு கேட்டுக்கு வெளியே நிற்போம். ஆய்வகத்து ஆட்கள் மாட்டுக் கொட்டகைக்குள் போகக்கூடாது என்பது மேடம் வைத்த சட்டம். நான் செய்து காட்டிய மாதிரியே அண்ணன் பஞ்சுக் குச்சியால் தரை, தொட்டி விளிம்பு, கயிறு எல்லாம் தேய்த்து, கிருமியைக் கொன்றுவிடும் திரவத்தில் போட்டு, கேட்டுக்கு மேலாக நீட்டுவார். ஊரில் நோய் இருக்கும்போது உயிருள்ள எதையும் ஆய்வகத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. செத்த பங்காளியின் தடமே எங்களுக்குப் போதும். இந்த ஏற்பாட்டில் அண்ணனுக்குத்தான் மனத்தாங்கல்.

"ஊட்டாண்ட வந்துட்டு உள்ள வராம கேட்டாண்டயே நிக்கிறீங்க. ஊர்ல இன்னா நெனப்பாங்க? நாங்க இன்னா தீண்டாதவங்களா? ஒரு டீயாச்சும் குடிச்சிட்டுப் போங்க."

"கன்னு பிறக்கட்டும், டீ என்ன, சாப்பாடே போடுங்க" என்பார் மேடம்.

முதல் வாரத்திலேயே பங்காளி சின்னவள் கொட்டாய்க்குள் வந்துவிட்டான். தொட்டி விளிம்பில் இருந்தான், கயிற்றில் இருந்தான், கால் முக்குகிற மருந்துத் தட்டுக்குள்ளேயே இருந்தான். எனக்கு அண்ணன் மேல் சந்தேகம். சோம்பல்பட்டுக் காலைத் தாண்டி வைத்துவிட்டு நம்மிடம் கதை விடுகிறார் என்று மேடத்திடம் புலம்பினேன். மேடம் தட்டு சொல்வதைக் கேட்பது போலவே குச்சிகள் சொல்வதையும் வரிசையாகக் கேட்டார். சாயங்காலம் எடுத்த குச்சிகளில் தடம் கொஞ்சம்தான். காலையில் எடுத்தவற்றில் வண்டி வண்டியாக. அதுவும் உள்ளே இருப்பதைவிட வாசலுக்கு வெளியே அதிகம்.

"காலையில அந்த வாசல்ல என்ன நடக்குது?" என்றார்.

முதல் பஸ்ஸைப் பிடித்து விடியற்காலையில் போய் அவர்கள் கேட் பக்கம் நின்றேன். மார்கழிப் பனி. கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு. அண்ணன் சொக்கத் தங்கமாகக் காலை மருந்தில் முக்கிவிட்டு உள்ளே போனார். பாவம், அந்த மனுஷனையா சந்தேகப்பட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, பெரிய கொட்டகையிலிருந்து அண்ணி ஒரு பக்கெட்டோடு வந்தார். பச்சைச் சாணியைத் தண்ணீரில் கரைத்து, சின்னவள் வாசலில் சளக் சளக்கென்று தெளித்தார். மருந்துத் தட்டின் மேலும் தாராளமாகத் தெறித்தது. பிறகு அழகாக ஒரு கோலம். கோலத்தின் நடுவே சாணி உருண்டை பிடித்து, அதில் ஒரு பூசணிப்பூவைச் செருகிவைத்தார். அண்ணன் வெளியே வந்தார், கோலத்தை மிதிக்காமல் சாணித் தண்ணீரை மிதித்தார், எதையோ மறந்தவராய்த் திரும்ப உள்ளே போனார். மறுபடி தட்டில் காலை முக்கத்தான் செய்தார். அதில் அப்போது பாதிக்குப் பாதி சாணி.

"ஐயோ அண்ணி!" என்று கத்திவிட்டேன்.

அண்ணி நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே! "இன்னா ஐயோ? கோலம் போட்ட வாசல்ல நின்னுகினு ஐயோங்குறியே, நல்லா கீதா? வயித்துக்காரி கீற எடம். சாணி தெளிக்காம எப்புடி சுத்தம் ஆவும்? உங்க மருந்துத் தண்ணி நேத்து வந்துச்சி. இத்த நான் பொறந்ததுலருந்து செய்றேன்."

அவர் சுத்தம் செய்கிறார், நாங்களும் சுத்தம் செய்கிறோம். இரண்டு சுத்தமும் ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றன. எங்கள் வீட்டில் சாணி தெளிக்கிற வழக்கம் இல்லை. நான் ஏதாவது சொல்லப்போய் வேறு மாதிரி ஆகிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டு மேடத்துக்கு ஃபோன் போட்டேன். என் வாய் தானாக மூடிக்கொண்டது அன்று ஒருநாள்தான்.

மேடம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்து கேட்டுக்கு வெளியே நின்றபடி முதலில் கோலத்தைத்தான் பார்த்தார். "புள்ளி வச்சு போட்டீங்களா? நல்லா இருக்குங்க" என்றார். அண்ணியின் முகத்தில் கடுப்பு கொஞ்சம் தணிந்தது.

"அந்தச் சாணி யாரோடதுங்க?"

"யாரோடதுன்னா? பெரிய கொட்டாயி மாட்டோடதுதான். அதுங்கதான் நெறைய போடுது."

"சின்னவ வாசலுக்குச் சின்னவ சாணியையே எடுத்துக்கலாமா? அவளுக்கு அவளோடது ஒண்ணும் பண்ணாது. மத்ததுங்களோடது வழியாத்தான் நோய் கால் வச்சு வரும்."

அண்ணி யோசித்தார். நான் தயாராக வைத்திருந்த பிரசங்கம் முழுக்க வீணாகப் போயிற்று. ஒரு வழக்கத்தைக் குறை சொல்லாமல், அதற்குள்ளேயே கையை விட்டு, நோய் வரும் வழியை மட்டும் மேடம் திருப்பி வைத்துவிட்டார். இப்படிப் பேச எந்தப் படிப்பில் சொல்லித் தருகிறார்கள்?

"அவ போடுறதே ரவோண்டு. அதுல நான் தெளிக்கிறதா, உருண்ட புடிக்கிறதா?" என்றார் அண்ணி.

"உருண்டை பிடிச்சு பூ வைங்க. தெளிக்க வெறும் தண்ணி போதும்" என்றார் மேடம். அண்ணி சிரித்துவிட்டார்.

மருந்துத் தட்டைக் கோலத்துக்கு உள்பக்கம் தள்ளிவைத்தார்கள். காலிலுள்ள சாணியை முதலில் தேய்த்துக் கழுவிவிட்டுப் பிறகுதான் மருந்து என்று மாற்றினோம். ஏனென்றால் நோய் வருமுன் வாங்கி வைத்த சாணியில் செய்த எங்கள் ஆய்வகத் தட்டுகளும் அதற்குள் பதில் சொல்லிவிட்டன. சாணி மேலேயே ஊற்றினால் மருந்தின் பலமெல்லாம் சாணியைத் தின்பதிலேயே போய்விடுகிறது. வழித்துவிட்டு ஊற்றினால் பங்காளியே சாகிறான். அடுத்தடுத்து வந்த குச்சிகளில் சின்னவள் பக்கம் தடம் தேய்ந்து தேய்ந்து, ஒரு காலையில் இல்லாமலே போயிற்று. நான் பக்கத்துப் பட்டறை வரை கேட்கிற மாதிரி கத்தினேன்.

அந்த வாரக் கடைசியில் அண்ணனின் பெரிய கொட்டகைக்குக் கோமாரி வந்தது. ஊசி போட்ட மாடுகள்தான். ஆனாலும் வயதான ஒன்று வாயில் நுரை தள்ளி நின்றது. கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி, டாக்டர் வந்து பார்த்து உறுதி செய்தார். அண்ணன் பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். நாங்கள் கேட் பக்கம்கூடப் போகக்கூடாது என்று மேடம் சொல்லிவிட்டார். ஃபோன்தான். மேடம் ஸ்பீக்கரில் போட்டார், அண்ணன் பேசினார்.

"வந்துருச்சி டாக்டரம்மா."

"இனிமே நீங்க சின்னவகிட்ட போகக்கூடாது" என்றார் மேடம். "நீங்க பெரிய கொட்டகை. உங்க வீட்டம்மா சின்னவ பக்கம். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தொட வேண்டாம். பங்காளி எந்த வழியா போனான்னு பார்த்தோம் இல்லையா, அந்த வழி எல்லாத்தையும் அடைக்கணும்."

ஒரே வீட்டில் புருஷன் பெண்டாட்டி நடுவே வேலி விழுந்தது. அண்ணன் பெரிய கொட்டகையிலேயே படுத்துக்கொண்டார். அண்ணி அவருக்குச் சோற்றைக் கிணற்று மேடையில் வைத்துவிட்டு விலகிப்போவார், அவர் வந்து எடுத்துக்கொள்வார். சாணி தெளிப்பதில் என்னோடு சண்டைக்கு வந்த அண்ணி, இப்போது சொந்தப் புருஷனை அந்த வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட விடவில்லை. "அங்கியே நில்லுன்னு சொன்னேன்ல? ஒரு அடி வச்சே, அப்பால பாரு!" என்று அவர் போடுகிற சத்தம் ஃபோனில் எங்களுக்கே கேட்கும். மேடம் சிரித்துக்கொண்டே வாயைப் பொத்திக்கொள்வார்.

சின்னவள் போகி அன்று கன்று ஈன்றாள். தலைச்சன் என்பதால் கஷ்டப்பட்டாள். மாட்டு வைத்தியம் கையில் ஊறிய அண்ணன், வீட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கத்திக் கத்தி வழி சொல்ல, அந்தப் பக்கம் அண்ணி தனியாகக் கன்றை இழுத்து எடுத்தார். அவருக்குக் கையெல்லாம் துடித்திருக்கும். ஒரு அடி முன்னால் வைக்கவில்லை. இதை அண்ணி ஃபோனில் சொன்னபோது நான் அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல்.

மாட்டுப் பொங்கல் அன்று நானும் மேடமும் ஆய்வகத்தில்தான் இருந்தோம். செல்களுக்குப் பண்டிகை தெரியாது, அவற்றுக்கு வேளாவேளைக்குச் சத்து நீர் மாற்ற வேண்டும். அண்ணி வீடியோ காலில் வந்தார். சின்னவள் வாசலில் புதுக்கோலம். நடுவே அவள் சாணியிலேயே பிடித்த உருண்டை, அதன் மேல் பூசணிப்பூ. கன்று நெற்றியில் வெள்ளைச் சுழியோடு, நான்கு காலும் நான்கு பக்கம் போக நின்றுகொண்டிருந்தது. நல்ல தெம்பாக ஒரு முட்டு முட்டி அண்ணியைத் தள்ளியது.

"காட்டுங்க, காட்டுங்க, கிட்ட காட்டுங்க" என்று மேடம் சின்னப் பிள்ளை மாதிரி ஃபோனை முகத்தோடு வைத்துக்கொண்டார்.

அண்ணி ஃபோனைத் திருப்பினார். முற்றத்துக்கு அந்தக் கோடியில், கிணற்று மேடைக்கு அப்பால் அண்ணன் நின்றிருந்தார். பண்டிகைக்கு வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். கன்று பிறந்ததிலிருந்து அவர் அதைத் தொட்டதில்லை.

"டாக்டரம்மா, அந்தக் கெழ மாட்டுக்கு வாயி ஆறிப்போச்சி. தண்ணி குடிக்குது, தீனி எடுக்குது" என்றார் அண்ணி தணிந்த குரலில். "பண்டிக நாளு. குளிச்சி முழுகி மாத்துத் துணி கட்டிகினு கீறாரு. ஒரே ஒரு தபா தொட்டுட்டு வந்துடட்டுமா?"

மேடம் என்னைப் பார்த்தார். வாய் ஆறினாலும் மாட்டிடமிருந்து நோய் பரவுவது உடனே நிற்பதில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எந்தக் கம்பெனிக்காரருக்கும் கண் இமைக்காமல் இல்லை என்று சொல்கிற மனுஷிக்கு அன்று வாய் வரவில்லை.

அதற்குள் முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து அண்ணன் குரல் வந்தது.

"அவங்கள ஏன்டி கேக்குற? வேணாம்னு சொல்ல அந்தம்மாவுக்குக் கஷ்டமா இருக்கும்ல? எனக்குத் தெரியாதா? இருக்கட்டும். அது நல்லா வளரட்டும், அப்பால தொட்டுக்குறேன்."

சொல்லிவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, கன்றைப் பார்த்துக்கொண்டே அங்கேயே நின்றார். மேடம் ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.